வண்டிப்பாதைக்குக் கல் நடுங்கள், தார் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழை இருபது வருடத்துக்கும் மேலாக வாங்கிப் படிக்கிற குரோம்பேட்டை வாசகன் நான். கோடை விடுமுறை வந்தாலும் பொங்கல் விடுமுறை வந்தாலும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறீர்கள். மாமல்லபுரம், முட்டுக்காடு, வண்டலூர், பழவேற்காடு. எல்லாம் நல்ல இடங்கள்தான், நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள்தான். ஆனால் அங்கெல்லாம் போகிற வழியிலேயே, பெரிய ரோட்டை விட்டு இருநூறு மீட்டர் உள்ளே திரும்பினால் ஆரம்பிக்கிற மண் பாதைகளைப் பற்றி ஒரு வரிகூட வந்து நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

என் மனைவிக்கு ஊர் மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் ஒரு கிராமம். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து திருச்சி போகிற பெரிய ரோட்டில், வண்டி நகரவே இல்லை. எதிரே எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த என் மச்சான், "என் பின்னாடியே வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் ஒரு கல்லுக்கட்டு மதகைத் தாண்டி ஏரிக்கரைமேல் வண்டியை ஏற்றிவிட்டார். அவர் பின்னாலேயே போனேன். ஒரு பக்கம் ததும்பி நிற்கிற ஏரி, இன்னொரு பக்கம் பத்தடி கீழே கண்ணுக்கு எட்டின தூரம் வரை சம்பா நடவு முடிந்த கழனி, கரையின் இரண்டு ஓரமும் பனைமரம், நடுவில் மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த இரண்டு கோடும் அதற்கு இடையே புல்லும். அரை மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தோம். பெரிய ரோட்டில் போயிருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், அது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நாற்பது வயதுவரை இப்படி ஒரு பாதை இருக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வருத்தமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நானும் மனைவியும் கிளம்பிவிடுவோம். பழைய நூறு சி.சி. வண்டிதான். இதற்கென்று பெரிய வண்டியோ விலை உயர்ந்த ஹெல்மெட், பூட்ஸ் எல்லாமோ தேவையில்லை, அந்த ஊர்க்காரர்கள் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு மூட்டை யூரியாவையும் வைத்துக்கொண்டு போகிற பாதை அது. தண்ணீர் இரண்டு பாட்டில், பஞ்சர் ஒட்டுகிற சாமான், ஒரு துண்டு. பஞ்சர் சாமானை மட்டும் மறக்கக் கூடாது. ஏரி உள்வாய் ஓரமெல்லாம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அந்த முள் எந்த டயரையும் விடாது.

இந்தப் பாதைகள் ஒன்றுபோல் இருக்காது என்பதைச் சொல்ல வேண்டும், நகரத்தில் இருக்கிற நமக்கு மண் என்றால் ஒரே மண்தான். செங்கல்பட்டைச் சுற்றி மேட்டு நிலத்தில் செம்மண்ணும் சரளையும். எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் வெயில் பட்டால் போதும், வண்டி ஓடும். அதே பாதை ஏரிக்குக் கீழே கழனிப் பக்கம் இறங்கியதும் சாம்பல் நிறக் களியாக மாறிவிடும். ஈரத்தில் அந்தக் களிக்குள் போனால் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, ஒருமுறை ஒரு மணி நேரம் குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறோம். பாலாற்றை ஒட்டிய ஊர்களில் மணல். மணலில் பிரேக் பிடித்தால் விழுவோம், பிடிக்காமல் மெதுவாக ஒரே வேகத்தில் போக வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, பாதையே சொல்லிக்கொடுத்தது.

படாளம் கூட்டு ரோட்டில் திரும்பி வேடந்தாங்கல் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பறவைகளைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கரிக்கிலி ஏரிக்குக் கழனிகள் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். மார்கழி, தை மாதம் காலை ஆறரை மணிக்கு அந்தப் பக்கம் இருந்தால், ஏரியிலிருந்து இரை தேடிக் கிளம்புகிற நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாக நம் தலைக்கு மேலேயே போகும். அவை போய் இறங்குகிற கழனியில் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம், வாட்ச் டவரும் பைனாகுலரும் தேவைப்படாது. கரண்ட் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கும், இறக்கையை விரித்தால் அந்த நீலம் இருக்கிறதே, என் மனைவி ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பது மாதிரி என் முதுகில் தட்டுவாள். ஆட்காட்டி நம்மைக் கண்டதும் கத்திக்கொண்டே கூட வரும், பக்கத்தில் எங்கேயோ தரையில் முட்டை இட்டிருக்கலாம், உடனே வண்டியை ஒதுக்கி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

இந்த வேடந்தாங்கல் ஏரியைக் காப்பாற்றியதே அந்த ஊர் ஜனங்கள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய் முறையிட்டு, 1798இல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. ஏரிக்கு இந்தப் பெருமை கிடைத்ததில் சந்தோஷம். அந்த இரண்டு ஏரிக்கும் நடுவில் இருக்கிற கழனியும் வரப்பும் வண்டிப்பாதையும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பறவை சாப்பிடுவது அங்கேதான்.

வேறு திசையில் சொல்ல வேண்டுமானால் வாலாஜாபாத் பக்கம். பழையசீவரம் மலையடியிலிருந்து எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கே பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, வைத்தியர் யார், என்ன மருந்து என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து உத்திரமேரூர் வரை ஊர் ஊராக உள்வழியில் போகலாம். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தது, பராந்தக சோழன் காலம். அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வருகிறது, ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வருடா வருடம் ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் படிக்கும்போது அது எனக்கு ஒரு மார்க் கேள்வி. ஆறு ஏரிக்கரைகளைத் தாண்டி அந்தக் கோவில் வாசலில் போய் நின்றபோதுதான், ஏரி இல்லாவிட்டால் இந்தச் சீமையில் ஒரு நெல்மணி கிடையாது, அதனால்தான் அதற்கு ஒரு வாரியம் என்று புரிந்தது.

வடக்கே பூண்டி. பூண்டி நீர்த்தேக்கம் தாண்டி குடியம் குகைக்குப் போகிற பாதையை மட்டும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை ஊரிலேயே விட்டுவிட்டுப் புதர்க்காட்டுக்குள் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. பாதை முழுக்க உருண்டைக் கற்கள், ஆற்றில் உருண்டு வந்த மாதிரி வழவழப்பாக, சிவப்பும் பழுப்பும் வெள்ளையுமாக. இதே கல்லை உடைத்துத்தான் கற்கால மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற ஆங்கிலேயப் புவியியலாளர் 1863இல் முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார், அதே வருடம் இங்கே பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. அத்திரம்பாக்கம் கருவிகளுக்கு 15 லட்சம் வருடம் வயது என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நான் பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். குடியம் பாதையில் நடந்தபோதுதான் அதற்கு ஒரு அர்த்தம் வந்தது. பல்லாவரத்தில் இப்போது மிதிக்க மண் இல்லை, குடியத்தில் இருக்கிறது. போகிறவர்கள் தயவுசெய்து ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள், பூண்டியிலேயே தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பார்க்கலாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம் பொங்கல் முடிந்து மனைவியின் அப்பா நிலத்துக்குப் போனோம். ஊரிலிருந்து அந்தக் கழனிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதை, மாமனாருக்கு அப்பா காலத்திலிருந்து அந்த வழியாகத்தான் எருவும் போகும், நெல்லும் வரும். பாதி வழியில் கம்பி வேலி. உள்ளே வரிசையாக மஞ்சள் நிறக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனை விற்பனைக்கு என்று போர்டு. பாதை நேராக அந்த வேலிக்குள் போய், உள்ளே ஜே.சி.பி. சமன்படுத்தின இடத்தில் காணாமல் போயிருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டோம், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மாமியார் தலையில் களைக்கொட்டும் சோற்றுத் தூக்குமாக அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு இப்போது கூடுதலாக ஒரு கிலோமீட்டர் நடக்கிறார், வயது அறுபத்தெட்டு.

தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை போனேன். அங்கே அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். ஒவ்வொரு கிராமத்துக்கும் எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதி வைத்த அ-பதிவேடு இருக்கிறது, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளந்து வரைந்த புலப்படம் இருக்கிறது. இரண்டையுமே தமிழக அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் வண்டிப்பாதை என்றோ பாதை புறம்போக்கு என்றோ இருந்தால் அது அரசாங்க நிலம், யாரும் வளைக்க முடியாது, 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். சில பாதைகள் பட்டா நிலத்துக்கு உள்ளேயே ஓடும், புலப்படத்தில் புள்ளிக் கோடாக மட்டும் காட்டியிருப்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தினவருக்கு அந்த வழியில் உரிமை உண்டு என்று 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதைக் கோர்ட்டில் போய் நிரூபிக்க வேண்டும், காட்டில் களை எடுக்கிற அம்மாவால் அது முடிகிற காரியமா?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். வண்டிப்பாதைகளை அளந்து, இரண்டு ஓரமும் கல் நட்டு விடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன்னால், பழைய புலப்படத்தில் பாதை எங்கே ஓடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கூட்டத்திலாவது எங்கள் ஊர்ப் பாதைகள் இவை இவை என்று பெயர் சொல்லித் தீர்மானம் போட்டு வைத்தால், நாளைக்கு யாராவது வேலி போடும்போது காட்டுவதற்கு ஒரு காகிதமாவது இருக்கும். எங்கள் ஊரில் வரும் கூட்டத்துக்கு மச்சான் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம், தார் போடுவது பற்றி. இதை எழுதத் தயங்கினேன், சென்னையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துக்கு ரோடு வேண்டாம் என்று சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று. அப்படிச் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு நல்ல தார் ரோடு கட்டாயம் வேண்டும். ஆம்புலன்ஸ் வர வேண்டும், பள்ளிக்கூட பஸ் வர வேண்டும். 2000இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வந்தபிறகு எத்தனையோ ஊருக்கு முதல் தடவையாக ரோடு கிடைத்தது, அதெல்லாம் பெரிய காரியம். நான் சொல்வது ஊரை இணைக்கிற ரோட்டை இல்லை. கழனிக்கும் களத்துக்கும் ஏரிக்கரைக்கும் போகிற பாதைக்கு இப்போது பேவர் பிளாக்கும் சிமென்டும் போட ஆரம்பித்திருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் மண்ணில் நடக்க முடியும், தாரில் கால் வைக்க முடியாது. மாட்டுக்கு லாடம் அடிக்காமல் மண்ணில் ஓட்டலாம். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும். அதையெல்லாம் விட முக்கியம், கரைமேல் தார் விழுந்த அடுத்த மாதமே மண் லாரி ஏறும், லாரி ஏறினால் கரை என்னவாகும் என்று ஏரிப் பாசனக்காரர்களைக் கேளுங்கள். பள்ளத்தில் இரண்டு லோடு சரளை கொட்டி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குழாய் பதித்து, ஓரத்தில் பனங்கொட்டை ஊன்றினால் அந்தப் பாதைக்கு அது போதும்.

போகிற நகரத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் போக ஆரம்பித்தால் அதனால் வரும் கெடுதலும் உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏரி நிரம்பித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைக் கழனிக்குள் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நாற்று நடப்போகிற பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது. பாதையில் நெல்லோ எள்ளோ காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஆட்டு மந்தை வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். கழனியில் ஆள் இருந்தால் போட்டோ எடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். வழி தெரியாவிட்டால் கூகுள் மேப்பைப் பார்ப்பதைவிட மாடு மேய்க்கிற பெரியவரைக் கேட்பது நல்லது. "எங்கப்பா போவணும்?" என்று ஆரம்பித்து, அந்த ஏரி எந்த வருடம் உடைந்தது, பச்சையம்மன் கோவிலில் எப்போது திருவிழா, எந்தக் கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்லி அனுப்புவார். போன வைகாசியில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி பனைமரத்தடியில் எங்களை உட்கார வைத்து ஆளுக்கு ஆறு நுங்கு சீவிக்கொடுத்து, காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். "தண்ணி குடிச்சிட்டுப் போ கண்ணு, வெயிலு ஏறுது" என்றார். அந்தப் பனைகளில் இப்போது எட்டில் மூன்றுதான் நிற்கிறது.

ஆசிரியர் அவர்களே, ஞாயிறு பக்கத்தில் மாதம் ஒரு பாதையாவது எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர், வழியில் எந்த ஏரி, எந்தக் கோவில், அ-பதிவேட்டில் அது என்னவென்று இருக்கிறது, இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது. பத்திரிகையில் பெயர் வந்த பாதையை யாரும் அவ்வளவு சுலபமாக வேலிக்குள் இழுத்துவிட முடியாது என்று நினைக்கிறேன். எங்கள் மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, சர்வேயர் இன்னும் வரவில்லை. உங்கள் நிருபர் யாராவது வருவதாக இருந்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்குச் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் வண்டியோடு நிற்கிறேன். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மட்டும் எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள், களி கொஞ்சம் காயட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை